எம்.ஆர்.ஐ. மேற்பரப்புக் காயில்: எவ்வளவு பெரிதாகக் கட்டுவது?

எம்.ஆர்.ஐ. எடுத்து வந்தவர்களிடம் கேட்டால் அந்தச் சத்தத்தையும், குறுகலான குழாய்க்குள் அசையாமல் கிடந்ததையும்தான் சொல்வார்கள். உள்ளே தள்ளுவதற்கு முன்னால் டெக்னீஷியன் முழங்காலைச் சுற்றி மாட்டிய பிளாஸ்டிக் கூட்டையோ, தோளில் வைத்துப் பட்டையால் கட்டிய தகட்டையோ, மேசைக்குள்ளேயே புதைந்திருந்த முதுகுப் பலகையையோ யாரும் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. ஆடாமல் இருக்கத்தான் கட்டி வைத்தார்கள் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் படத்துக்கான சிக்னல் முழுவதும் அந்தக் கூட்டின் வழியாகத்தான் வெளியே வருகிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ஆனாலும், அண்ணா நகர்ப் பக்கத்துத் தனியார் ஸ்கேன் சென்டர் ஆனாலும், கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய காந்தத்துக்குள் படுக்க வைத்துவிட்டு அந்தக் கூட்டை இடம் மாற்றி வைத்தால் படம் மணல் தூவியதாகத்தான் வரும்.

அந்தக் கூட்டுக்குள் இருப்பது செம்புக் காயில். உடம்பின் மேற்பரப்பில் ஒட்டி வைப்பதால் மேற்பரப்புக் காயில். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி எங்கே போனாலும் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்று இருக்கும். அங்கே கம்பியைச் சுற்றிச் சுற்றி அடைப்பார்கள். எம்.ஆர்.ஐ. காயிலில் பெரும்பாலும் ஒரே ஒரு சுற்றுதான். அந்த ஒரு சுற்றை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்ற கேள்வியிலேயே வடிவமைப்பின் பாதி முடிந்துவிடுகிறது. ப்ளஸ் டூ இயற்பியல் நினைவிருந்தால் மீதியையும் பின்தொடரலாம்.

பிடிக்க வேண்டியது எது

உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் நிறைய. இரண்டிலும் ஹைட்ரஜன் உண்டு. ஹைட்ரஜன் அணுக்கருவான புரோட்டான் ஒரு குட்டிக் காந்தம். வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் புலத்தோடு சேர்ந்து நிற்பவை கொஞ்சம் அதிகமாகவும், எதிர்த்து நிற்பவை கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று தெரிந்தால் திகைப்பாக இருக்கும்: 1.5 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) உடம்புச் சூட்டில் 10 லட்சம் புரோட்டானுக்கு ஏறக்குறைய 5. மற்றதெல்லாம் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அந்த ஐந்தின் காந்தம்தான் நமக்கு மூலதனம்.

ஒரு ரேடியோ துடிப்பால் தட்டிவிட்டால் அந்தக் காந்தம் சாய்ந்து சுழலும். சுழலும் வேகம் காந்தப்புலத்தோடு நேர்விகிதம்: ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். ஆக 1.5 டெஸ்லா எந்திரத்தில் சுமார் 64, 3 டெஸ்லாவில் சுமார் 128 மெகாஹெர்ட்ஸ். மதுரையில் கோடை பண்பலை கேட்காத காது கிடையாது, அது 100.5 மெகாஹெர்ட்ஸ், இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 2.36 டெஸ்லாவில் ஒரு காந்தம் செய்தால் அதற்குள் படுத்திருப்பவரின் உடம்பு கோடை பண்பலை அதிர்வெண்ணிலேயே பேசும். ஸ்கேன் அறையின் சுவர், கூரை, தரை, கதவு எல்லாவற்றிலும் உலோகத் தகடு பொதிந்து வைப்பதற்கு இதுதான் காரணம். கதவைச் சரியாக மூடாவிட்டால் வெளியே ஓடும் ஏதாவது ஒரு ரேடியோ இரைச்சல் படத்தின் குறுக்கே கோடாக விழும்.

சுழலும் காந்தத்தின் பக்கத்தில் செம்பு வளையத்தை வைத்தால் வளையத்தின் வழியே பாயும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். மாறினால் மின்னழுத்தம் தூண்டப்படும். பாரடே விதி, அவ்வளவுதான். கிடைப்பது மைக்ரோவோல்ட் கணக்கு.

அருகில் இருப்பது ஒரு லாபம், குறைவாகக் கேட்பது இன்னொரு லாபம்

உடம்புக்குள் ஓர் இடத்திலிருந்து இந்த வளையம் எவ்வளவு சிக்னல் பிடிக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது? 1976-இல் ஹூல்ட், ரிச்சர்ட்ஸ் இருவரும் ஓர் அழகான குறுக்குவழியைக் காட்டினார்கள். பிடிப்பதை மறந்துவிடுங்கள். அந்த வளையத்தில் ஒரு ஆம்பியர் ஓடவிட்டால் அந்த இடத்தில் எவ்வளவு காந்தப்புலம் உண்டாகும் என்று மட்டும் கணக்கிடுங்கள். கொடுப்பதில் எவ்வளவு வல்லமையோ, வாங்குவதிலும் அவ்வளவே. வட்ட வளையத்தின் அச்சில் காந்தப்புலம் எவ்வளவு என்பது பாடப்புத்தகத்தில் பயோ-சவார்ட் விதிக்கு அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தச் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள். வளையத்தின் மையத்தில் 100 என்றால், ஆரத்துக்குச் சமமான ஆழத்தில் 35. ஆரத்தைப்போல் இரு மடங்கு ஆழத்தில் 9. மூன்று மடங்கில் 3. சின்ன வளையம் தோலுக்கு அடியில் உள்ளதைப் பிரமாதமாகப் பிடித்துவிட்டு, ஆழத்தில் கைவிடும். இதைப் பார்த்ததும், அப்படியானால் பெரிய வளையமாகவே கட்டிவிடலாமே என்று தோன்றும். முதன்முறை இதைப் படிக்கும் மாணவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்த இடத்துக்குத்தான் போகிறார்கள். சிக்னலை மட்டும் பார்த்தால் அது சரிதான்: ஆழம் இவ்வளவு என்று குறித்துவிட்டால், அதைவிட 1.4 மடங்கு ஆரமுள்ள வளையம்தான் அங்கிருந்து மிக அதிகமான சிக்னலைத் தரும்.

ஆனால் வளையத்துக்குள் வருவது சிக்னல் மட்டுமல்ல. உடம்பு உப்புத் தண்ணீர். அதில் மிதக்கும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன. அயனி அலைந்தால் அதுவே குட்டி மின்னோட்டம். அதற்கும் ஒரு காந்தப்புலம். நாம் பார்க்க விரும்பும் எலும்பு மூட்டிலிருந்து சிக்னல் வரும் அதே நேரத்தில், வளையத்தின் பார்வைக்கு எட்டும் உடம்பு முழுவதிலிருந்தும் இந்த இரைச்சல் வருகிறது. வளையத்தை உடம்பில் ஒட்டி வைத்திருக்கும்போது இந்த இரைச்சலுக்குக் காரணமான மின்தடை ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. ஆரத்தை இரட்டித்தால் மின்தடை 8 மடங்கு. இரைச்சல் மின்னழுத்தம் அதன் வர்க்கமூலம், ஏறக்குறைய 2.8 மடங்கு.

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் போன் பேசுகிறவரைக் கவனியுங்கள். ஒரு காதில் போனை அழுத்துவார், மறு காதைக் கையால் பொத்துவார். முதல் செயல் சிக்னலைக் கூட்டுகிறது, இரண்டாவது இரைச்சலைக் குறைக்கிறது. மேற்பரப்புக் காயிலின் சிறுமை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. பலர் முதலாவதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்; என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிய லாபம்.

இரண்டையும் சேர்த்து, சிக்னலை இரைச்சலால் வகுத்துப் பார்த்தால் விடை அடியோடு மாறுகிறது. இரைச்சல் முழுவதும் உடம்பிலிருந்தே வருகிறது என்று வைத்துக்கொண்டால், சிறந்த ஆரம் ஆழத்தை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது ஆழத்தில் 0.45 பங்கு. எளிதாக மனதில் வைக்க: வளையத்தின் விட்டம் ஏறக்குறைய பார்க்க வேண்டிய ஆழம். வகைநுண்கணிதம் தெரிந்தவர்கள் நான்கே வரியில் தருவித்துவிடலாம், செய்து பாருங்கள்.

6 செ.மீ. விட்ட வளையத்தையும் 20 செ.மீ. விட்ட வளையத்தையும் இதே கணக்கில் ஒப்பிட்டால், 2 செ.மீ. ஆழத்தில் சின்னது ஏறக்குறைய 12 மடங்கு மேல். 15 செ.மீ. ஆழத்துக்குப் போனால்தான் பெரியது ஒரு 10 சதவீதம் முந்துகிறது. இன்னொரு ஆறுதலும் உண்டு. இந்த உச்சி கூர்மையானதல்ல. 5 செ.மீ. ஆழத்துக்கு 4.5 செ.மீ. விட்டம்தான் சரி என்று கணக்கு சொன்னாலும், 7 செ.மீ. வளையம் போட்டால் இழப்பு 10 சதவீதம்தான். 10 செ.மீ. போட்டால் 30 சதவீதம் போய்விடும்.

படத்தின் தரத்தில் இந்தச் சதவீதங்கள் நேரமாக மாறுகின்றன. ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போட்டால் இரைச்சல் குறையும். ஆனால் தரம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். காயிலை மாற்றி தரத்தை இரண்டு மடங்காக்கினால், பழைய தரத்துக்கு 12 நிமிடம் எடுத்த படம் 3 நிமிடத்தில் முடியும். தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமா?

மூன்று பேர், மூன்று ஆழம்

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் போட்டு மணிக்கட்டு வலியோடு வரும் ஓர் அம்மா. பார்க்க வேண்டியது 1, 2 செ.மீ. ஆழத்தில். அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ மாடு பிடிக்கப் போய் தோளை விலக்கிக்கொண்டு வந்த ஒரு தம்பி. மூட்டுக் குழியின் விளிம்புக் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆளின் தசையைப் பொறுத்து 4 முதல் 6 செ.மீ. பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஓர் அண்ணன். இடுப்புத் தண்டுவட வட்டு முதுகுத் தோலிலிருந்து 8, 10 செ.மீ. உள்ளே.

விதிப்படி அந்த அம்மாவுக்கு 2 செ.மீ. வளையம், தம்பிக்கு 5, அண்ணனுக்கு 9 அல்லது 10. இங்கேதான் விதி மட்டும் போதாது என்று தெரிகிறது. மணிக்கட்டு என்றால் அகலத்தில் 7, 8 செ.மீ. தெரிய வேண்டும், 2 செ.மீ. வளையம் ஒரு புள்ளியைத்தான் காட்டும். சின்ன வளையத்தின் அருமை அது குறைவாகப் பார்ப்பதில் இருக்கிறது, அதுவே அதன் சிறுமையும். பல சின்ன வளையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தீருமா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

இப்போதைக்கு அந்த அண்ணனின் முதுகுக்கு 10 செ.மீ. விட்டத்தில் ஒற்றை வளையம் ஒன்றை 1.5 டெஸ்லாவுக்குக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

வளையத்தைச் சுருதி சேர்ப்பது

2 மி.மீ. கனமுள்ள செம்புக் கம்பியை 10 செ.மீ. விட்டத்தில் வளைத்தால் அதன் தன்மின்தூண்டல் ஏறக்குறைய 250 நானோஹென்றி. இதோடு ஒரு கெபாசிட்டரைச் சேர்த்து 63.87 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர வைக்க வேண்டும். சூத்திரத்தில் போட்டால் 25 பிக்கோஃபாரட் வரும். 3 டெஸ்லா என்றால் அதிர்வெண் இரட்டிக்கும், கெபாசிட்டர் நான்கில் ஒன்றாகும்: 6 பிக்கோஃபாரட் சொச்சம்.

ஒரே இடத்தில் வெட்டி 25 பிக்கோஃபாரட்டை வைத்துவிடலாம், சுருதி சேரும். ஆனால் அப்படிச் செய்ய மாட்டார்கள். வளையத்தை நான்கு இடத்தில் வெட்டி, ஒவ்வொன்றிலும் 100 பிக்கோஃபாரட் வைப்பார்கள். தொடரில் நான்கு நூறு சேர்ந்தால் 25 தானே. காரணம், ஒரே கெபாசிட்டர் என்றால் முழு மின்னழுத்தமும் அதன் இரண்டு முனைக்கு நடுவில் நிற்கும். அங்கிருந்து கிளம்பும் மின்புலம் உடம்புக்குள் நுழையும். மின்புலம் நமக்கு எந்தச் சிக்னலும் தராது, இழப்பையும் இரைச்சலையும் மட்டும் கொண்டுவரும். ஆள் மாறினால் சுருதியும் மாறும். நான்காகப் பிரித்தால் ஒவ்வோர் இடத்திலும் மின்னழுத்தம் கால் பங்கு. கம்பிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு செ.மீ. கனத்தில் நுரைப்பஞ்சு வைப்பதும் இதற்காகவேதான், நோயாளியின் சொகுசுக்கு மட்டுமல்ல.

கெபாசிட்டர் வாங்கும்போது ஒரு கவனம். முனைகளில் நிக்கல் பூசியவை காந்தத்தில் இழுபடும், படத்தில் கரும்புள்ளி விழ வைக்கும். காந்தம் ஒட்டாத வகை என்று கேட்டு வாங்க வேண்டும். டவுன் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரணச் செராமிக் வில்லைகள் மேசைமேல் பழகுவதற்குப் போதும்.

செம்பின் கனம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 64 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 8 மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடும். சாதாரண சர்க்யூட் போர்டில் 35 மைக்ரான் செம்பு இருக்கிறது, தாராளம்.

வளையம் நன்றாக வந்திருக்கிறதா என்று சொல்லும் ஒரே எண் தரக்காரணி. லேபில் எல்லோரும் க்யூ என்றே சொல்வோம். வளையத்தின் மின்மறுப்பை அதன் மின்தடையால் வகுத்தது. நம் வளையத்துக்கு மின்மறுப்பு 100 ஓம். தனியாகத் தொங்கவிட்டு அளந்தால் க்யூ 250 என்று வைத்துக்கொள்வோம்: செம்பும் கெபாசிட்டரும் சாலிடரும் சேர்ந்து 0.4 ஓம். முதுகில் வைத்து அளந்தால் 50-க்கு இறங்குகிறது: மொத்தம் 2 ஓம். ஆக 1.6 ஓம் உடம்பினுடையது. இரைச்சலில் 80 சதவீதம் உடம்பிலிருந்து, 20 சதவீதம் காயிலிலிருந்து.

உடம்பில் வைத்ததும் க்யூ இப்படிச் சரிவதைப் பார்த்துப் பதறக் கூடாது. சரிவதுதான் நல்ல செய்தி. காயிலின் சொந்த இரைச்சல் மிகச் சிறுபான்மை என்று அர்த்தம். இழப்பே இல்லாத கற்பனைக் காயிலோடு ஒப்பிட்டால் நம்முடையது 0.8-இன் வர்க்கமூலம், 89 சதவீதத் தரம் தருகிறது. தெற்காவணி மூல வீதிக்குப் போய்த் தங்கத்தில் வளையம் செய்து போட்டாலும் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சொல்லப்போனால் தங்கம் செம்பைவிடக் கொஞ்சம் மட்டம். வெள்ளி மட்டும்தான் செம்பைவிட ஒரு 6 சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும். வளையம் சில செ.மீ.க்கும் கீழே சிறுத்தாலோ, 0.3 டெஸ்லா மாதிரிக் குறைந்த புலத்தில் வேலை செய்தாலோ கதை மாறும். அங்கே உடம்பின் இரைச்சல் வேகமாகக் குறைந்துவிடும், செம்பின் இரைச்சல் மேலோங்கும். அப்போது கம்பியின் கனம், சாலிடர், கெபாசிட்டர் தரம் ஒவ்வொன்றும் கணக்கில் வரும். அதனால்தான் விட்டம்-சமம்-ஆழம் என்ற விதியைப் பொடி வளையங்களுக்கு அப்படியே நீட்டக் கூடாது.

இந்த 2 ஓம் வளையத்தை 50 ஓம் கேபிளோடு நேரடியாக இணைத்தால், சிக்னலை முதலில் பெரிதாக்கும் முன்பெருக்கி திணறும். நாம் பயன்படுத்தும் முன்பெருக்கிகள் 50 ஓம் மூலத்தைப் பார்க்கும்போது குறைந்த இரைச்சலோடு இயங்கும்படி செய்யப்பட்டவை. எனவே நுழைவாயிலில் இன்னொரு கெபாசிட்டரை வைத்து 2-ஐ 50-ஆகக் காட்டுகிறோம். இதைச் செய்ய வேண்டியது வளையம் உடம்பில் இருக்கும் நிலையில். காற்றில் தொங்கவிட்டுச் சரிசெய்தால் உடம்பில் வைத்ததும் எல்லாம் கலையும்.

எந்தப் பக்கம் பார்த்து வைப்பது

காயிலின் காந்தப்புலத்தில் பெரிய காந்தத்தின் புலத்துக்குச் செங்குத்தான பங்கு மட்டுமே வேலை செய்யும். இணையான பங்கு வீண். குழாய் வடிவ எந்திரத்தில் பெரிய புலம் தலையிலிருந்து கால் நோக்கி ஓடுகிறது. வயிற்றின் மேலோ, முதுகுக்கு அடியிலோ, விலாப் பக்கமோ வளையத்தைப் படுக்க வைத்தால் அதன் புலம் உடம்புக்குள் குறுக்கே நுழையும், சரி. அதே வளையத்தை உச்சந்தலையில் தொப்பியாகக் கவிழ்த்தால் அதன் புலமும் தலை-கால் திசையிலேயே போகும். அச்சு நெடுக அந்த வளையத்துக்குக் காது கேட்காது.

தோள் படம் எடுப்பவர்கள் இதில் அகப்படுவதுண்டு. வளையும் காயில் ஒன்றைத் தோளின் உச்சியில் மட்டும் கவிழ்த்துவிட்டு, ஏன் மங்கலாக வருகிறது என்று எந்திரத்தைக் குறை சொல்வார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் அணைத்தாற்போல் வைத்தால்தான் பலன். திறந்த வகை எந்திரங்களில் பெரிய புலம் மேலும் கீழுமாக ஓடும். அங்கே முதுகுக்கு அடியில் வைத்த தட்டை வளையம் பயனற்றது. இடுப்பைச் சுற்றிக் கட்டும் சுருள்தான் வேண்டும்.

சுட்டுவிடாமல் இருக்க

மேற்பரப்புக் காயில் பெரும்பாலும் கேட்க மட்டும் செய்கிறது. புரோட்டான்களைத் தட்டிவிடும் துடிப்பை அனுப்புவது குழாயின் சுவருக்குள் இருக்கும் பெரிய உடற்காயில். சில மில்லிசெகண்டுக்குக் கிலோவாட் கணக்கில். அதே அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்த நம் வளையம் அப்போதும் முதுகில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சும்மா விட்டால் அந்த ஆற்றலை வாங்கிப் பெரிய மின்னோட்டமாக்கி, தோலைச் சுட்டுவிடும், முன்பெருக்கியும் போய்விடும். எம்.ஆர்.ஐ. காயில் வடிவமைப்பில் உயிரோடு விளையாடும் இடம் இது ஒன்றுதான் என்பேன், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நான்கு கெபாசிட்டர்களில் ஒன்றுக்குக் குறுக்கே 62 நானோஹென்றிக் குட்டிச் சுருளையும் ஒரு பின் (PIN) வகை டயோடையும் தொடராக வைக்கிறார்கள். துடிப்பு போகும் நேரத்தில் எந்திரம் ஒரு நேர்மின்னோட்டத்தை அனுப்பி டயோடைத் திறந்துவிடும். உடனே அந்தச் சுருளும் 100 பிக்கோஃபாரட்டும் பக்க இணைப்பில் 64 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து, அந்த இடத்தில் பெரிய மின்தடையாக நிற்கும். வளையம் வெட்டுப்பட்ட மாதிரிதான், மின்னோட்டம் ஓடாது. துடிப்பு முடிந்ததும் டயோடு மூடிக்கொள்ளும், வளையம் மறுபடி கேட்க ஆரம்பிக்கும். எந்திரத்திலிருந்து மின்னோட்டம் வராமல் போனால்? அதற்காக எதிரெதிராக வைத்த இரண்டு சாதாரண டயோடுகளோடு இன்னொரு தடையும் வைப்பார்கள். வளையத்தில் மின்னழுத்தம் ஏறினாலே அது தானாகச் செயல்படும். அதற்கும் மேல் ஒரு ஃபியூஸ். மூன்றும் வேண்டும்.

காயிலிலிருந்து வெளியே வரும் கேபிளும் ஓர் ஆன்டெனாதான். அதன் வெளியுறையில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கக் கேபிளின் மேலேயே தடைச்சுருள்களை வைப்பார்கள். கேபிளைச் சுருட்டி நோயாளியின் தொடைமேல் போடக் கூடாது, வெறும் தோலில் படக் கூடாது என்று டெக்னீஷியன்களுக்குச் சொல்லித் தருவது இதனால்தான்.

கல்லூரி புராஜெக்டில் கட்டிய காயிலை, நண்பன்தானே, ஒரு நிமிடம்தானே என்று ஆள்மேல் வைத்து ஸ்கேன் எடுப்பது கூடவே கூடாது. ஐ.இ.சி. 60601-2-33 என்ற பாதுகாப்புத் தரநிலை இருப்பது இதற்காக. மேசைமேல் உப்புத் தண்ணீர் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கற்க வேண்டியதில் முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

பல வளையங்கள்

உயிருள்ள விலங்கின் தசையிலிருந்து பாஸ்பரஸ் சிக்னல் எடுப்பதற்காக 1980-இல் ஆக்கர்மன், ராடா உள்ளிட்ட குழு மேற்பரப்புக் காயிலை அறிமுகப்படுத்தியது. அகலமாகவும் பார்க்க வேண்டும், சின்ன வளையத்தின் தெளிவும் வேண்டும் என்ற ஆசைக்குப் பதில் பத்து வருடம் கழித்து வந்தது. 1990-இல் ரோமரும் உடன் பணியாற்றியவர்களும் முதுகெலும்புக்காக நான்கு வளையங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி முன்பெருக்கி, தனிப் பாதை கொடுத்து, நான்கு படத்தையும் கணக்குப் போட்டு ஒன்றாக்கிக் காட்டினார்கள். இன்று முழங்கால் கூட்டுக்குள்ளும் முதுகுப் பலகைக்குள்ளும் இருப்பது அதன் பிள்ளைகள்தான். ஒவ்வொரு வளையமும் தன் பக்கத்தை மட்டும் கேட்கும், தன் பக்கத்து இரைச்சலை மட்டும் வாங்கும். அந்த அம்மாவின் மணிக்கட்டுக்கும் விடை இதுவே: சின்ன வளையங்களைச் சுற்றிலும் அடுக்குவது.

சிக்கல் என்னவென்றால், ஒரே சுருதியில் இருக்கும் இரண்டு வளையங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் புலம் மற்றொன்றில் நுழைந்து இரண்டின் சுருதியும் பிளந்துபோகும். ஒரு வளையத்தை மற்றொன்றின் மேல் கொஞ்சம் ஏற்றி வைத்தால், ஏறிய பகுதியில் நுழையும் புலமும் வெளியே திரும்பி வரும் புலமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. வட்ட வளையங்களுக்கு மையத்திலிருந்து மையத்துக்குத் தூரம் விட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 10 செ.மீ. வளையங்கள் என்றால் 7.5 செ.மீ.

இதை மேசைமேலேயே பார்க்கலாம். வளையம் எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று திரையில் ஒரு பள்ளமாகக் காட்டும் கையடக்க நெட்வொர்க் அனலைசர்கள் இப்போது கல்லூரி லேபுக்கு எட்டும் விலையில் ஆன்லைனில் கிடைக்கின்றன. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் லிட்டருக்கு 4, 5 கிராம் உப்பு கலந்த தண்ணீர். உடம்புக்குப் பதில் அது. முதலில் ஒற்றை வளையத்தின் க்யூவைப் பாட்டில் இல்லாமல் அளங்கள், பிறகு வைத்து அளங்கள். இரண்டின் விகிதம் 2-க்கும் கீழே இருந்தால் சாலிடரையும் கெபாசிட்டரையும் சந்தேகப்படுங்கள். க்யூ சரிவதோடு அதிர்வெண்ணும் வெகுவாக நகர்ந்தால் மின்புலம் கசிகிறது. கெபாசிட்டர்களை இன்னும் பிரித்து வையுங்கள்.

பிறகு இரண்டாவது வளையத்தைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். திரையில் ஒற்றைப் பள்ளமாக இருந்தது இரண்டாகப் பிளக்கும். வளையத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் இரண்டு பள்ளமும் நெருங்கி நெருங்கி ஓரிடத்தில் ஒன்றாகிவிடும். அங்கே டேப் ஒட்டி நிறுத்துங்கள். மூன்றாவதை முக்கோணமாக வைத்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று இதே போல் ஏறி அடங்கிவிடும். வரிசையாக வைத்தால் முதலாவதும் மூன்றாவதும் ஏற முடியாத தூரத்தில் இருந்துகொண்டு கொஞ்சம் பேசிக்கொண்டேதான் இருக்கும். அதை அடக்க, நுழைவு மின்தடை ஓரிரு ஓம் மட்டுமே உள்ள முன்பெருக்கியை இணைத்து, இணைப்புச் சுற்றின் வழியே அந்தச் சின்ன மின்தடை வளையத்துக்குள் பெரிய தடையாகத் தெரியும்படி செய்கிறார்கள். மின்னோட்டம் ஓடாத வளையம் பக்கத்து வளையத்தைத் தொந்தரவு செய்யாது; அதன் முனையில் தோன்றும் மின்னழுத்தம் மட்டும் நமக்கு வந்து சேரும்.